வெண்கலப் பலகைக்கு 57 ஆண்டுகள்: ரே ஸ்டீவன்ஸும் நாஷ்வில்லின் தாமதமான மரியாதையும்

2019 மார்ச் 18 அன்று, அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள, கன்ட்ரி இசைக் கலைஞர்களுக்கு வெண்கலப் பலகை வைத்துக் கௌரவிக்கும் மண்டபமான கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம், அவ்வாண்டு தன்னுள் சேர்த்துக்கொள்ளவிருக்கும் மூன்று பெயர்களை அறிவித்தது. புரூக்ஸ் அண்ட் டன் என்ற இருவர் குழு ஒன்று. ஜெர்ரி பிராட்லி என்ற தயாரிப்பாளர் மற்றொருவர். மூன்றாவது பெயர், வேடிக்கைப் பாடல்களால் பெயர்பெற்ற பாடகர் ரே ஸ்டீவன்ஸ். முதல் இரண்டைக் கேட்டு யாரும் புருவம் உயர்த்தியிருக்க மாட்டார்கள். மூன்றாவது பெயருக்காக ஆண்டுதோறும் வசந்த காலத்தில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்து, பட்டியலில் அது இல்லாததைக் கண்டு மறுபடியும் அடுத்த ஆண்டைப் பார்க்கப் பழகிப்போன ஒரு ரசிகர் கூட்டம் மட்டும் அன்று "அப்பாடா" என்றது. அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் நானும் ஒருவன்.

ஸ்டீவன்ஸுக்கு அப்போது வயது 80. பிழைப்புத் தேடி அவர் நாஷ்வில்லுக்குக் குடிவந்தது 1962 ஜனவரியில். ஊருக்குள் வந்த நாளிலிருந்து அந்த ஊரின் மிக உயர்ந்த மரியாதையைப் பெறுவதற்கு அவருக்கு 57 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் அவர் யாருக்கும் தெரியாதவராக இருந்திருந்தால் இதில் விளக்குவதற்கு எதுவும் இல்லை. அமெரிக்க அளவில் இரண்டு முதலிடப் பாடல்கள், இரண்டு கிராமி விருதுகள், இங்கிலாந்திலும் ஒரு முதலிடம், லட்சக்கணக்கில் விற்ற வீடியோ கேசட்டு என்று எல்லாம் கையில் இருந்தும் ஏன் இத்தனை தாமதம் என்பதுதான் கேள்வி. பதிலின் பெரும்பகுதி, அவர் மக்களைச் சிரிக்க வைத்தார் என்பதில் இருக்கிறது.

முதலில் இந்த மரியாதை எப்படி வழங்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கன்ட்ரி இசை என்பது அமெரிக்கத் தென் மாநிலங்களின் கிராமத்துப் பாட்டு, தேவாலயப் பாட்டு, ஃபிடில், பாஞ்சோ, கிதார் ஆகியவற்றிலிருந்து கிளைத்து, வானொலி வழியாகவும் இசைத்தட்டு வழியாகவும் பெரிய வணிகமாக வளர்ந்த வகை. அதன் தொழில்துறைச் சங்கமான கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் 1961-ல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவத்தைத் தொடங்கி, ஜிம்மி ராட்ஜர்ஸ், ஃபிரெட் ரோஸ், ஹாங்க் வில்லியம்ஸ் ஆகிய மூவரை முதலில் சேர்த்தது. யாரைச் சேர்ப்பது என்பதைச் சங்கம் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழு முடிவு செய்கிறது. அவர்களின் பெயர்கள் வெளியே சொல்லப்படுவதில்லை. ரசிகர்களுக்கு இதில் வாக்கு கிடையாது. அண்மைக் கால நடைமுறைப்படி, புகழ் பெற்று இருபது ஆண்டுகள் கடந்த நவீன காலக் கலைஞர் ஒருவர், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான மூத்த கலைஞர் ஒருவர், பாடலாசிரியர், வாத்தியக் கலைஞர், மேடையேறாமல் தொழிலுக்குத் துணை நின்றவர் ஆகிய மூன்று பிரிவுகளில் சுழற்சி முறையில் ஒருவர் என, பொதுவாக ஆண்டுக்கு மூன்று இடங்கள்தான்.

இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தால் வரிசை எவ்வளவு நீளம் என்பது புரியும். மூத்தவர் பிரிவில் ஆண்டுக்கு ஒரே இடம். அந்த இடத்துக்கு 1940-களிலும் 50-களிலும் 60-களிலும் பாடிய அத்தனை பேரும் போட்டி. 2014-ல் மேக் வைஸ்மன், 2016-ல் சார்லி டேனியல்ஸ், 2017-ல் ஜெர்ரி ரீட் என்று வரிசை மெல்ல மெல்ல நகர்ந்தது. ஜெர்ரி ரீட் இறந்தது 2008-ல். 2015-ல் தேர்வான ஜிம் எட் பிரவுனுக்கு, அக்டோபர் விழா வரை உயிர் தாங்காது என்று தெரிந்ததால், ஜூன் மாதமே மருத்துவமனைக்குப் பதக்கத்தை எடுத்துச்சென்று கழுத்தில் அணிவித்தார்கள்; ஒரு வாரத்தில் அவர் காலமானார். எண்பதை நெருங்கும் ஒருவரின் ரசிகர்கள் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தை ஏன் பதற்றத்துடன் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

ஸ்டீவன்ஸின் இயற்பெயர் ஹரால்ட் ரே ராக்ஸ்டேல். 1939 ஜனவரி 24 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் கிளார்க்டேல் என்ற, நூல் ஆலையைச் சுற்றி எழுந்த சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே பியானோ கற்றுக்கொண்டார்; பதின்ம வயதில் நண்பர்களுடன் ஒரு குழு அமைத்து ஊர் விழாக்களில் வாசித்தார்; அட்லாண்டாவுக்குக் குடும்பம் நகர்ந்தபின் பில் லோவரி என்ற இசைப் பதிப்பாளரின் கண்ணில் பட்டார். ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இசைக் கோட்பாடும் இசையமைப்பும் படித்தார். இந்தப் படிப்பை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம், ஏனென்றால் பின்னாளில் அவரைக் கோமாளி என்று ஒதுக்கியவர்கள் முதலில் மறந்தது இதைத்தான். 1957-ல், பதினெட்டு வயதில் முதல் இசைத்தட்டு வந்தது. 1961-ல் மெர்க்குரி நிறுவனத்துக்காக, ஒரு மாத்திரை விளம்பரத்தைக் கிண்டல் செய்து அவர் பாடிய பாடல் பிரபலப் பாடல்களின் தேசியப் பட்டியலில் 35-ம் இடம் வரை சென்றது. அதன் தலைப்பு ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாத அளவு நீளமானது. மாத்திரையின் நிறம், சுவை, கரையும் வேகம் அனைத்தும் தலைப்பிலேயே அடங்கியிருந்தன.

நாஷ்வில்லுக்கு வந்த அதே ஆண்டில் 'ஏஹாப் தி அராப்' என்ற பாடல் தேசியப் பட்டியலில் ஐந்தாம் இடத்தைப் பிடித்தது. ஆயினும் அந்தப் பத்தாண்டு முழுவதும் அவருக்குச் சோறு போட்டதில் பெரும் பங்கு, பிறருடைய ஒலிப்பதிவுகளில் அவர் செய்த வேலைக்கு உண்டு. பியானோ வாசிப்பது, டிரம்பெட் ஊதுவது, பின்னணிக் குரல் கொடுப்பது, அரேஞ்சராக வாத்தியங்களுக்குக் குறிப்பு எழுதுவது என்று ஸ்டுடியோவில் எந்த இடத்தில் ஆள் குறைந்தாலும் அங்கே அவர் பொருந்திப்போனார். ஃபிரெட் ஃபாஸ்டரின் மான்யுமென்ட் நிறுவனத்தில் இருந்தபோது, அப்போது தலையெடுத்துக்கொண்டிருந்த டாலி பார்ட்டனின் தொடக்ககாலப் பதிவுகளில் உழைத்தார். கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன் என்ற புதிய பாடலாசிரியர் எழுதிய 'சண்டே மார்னிங் கமிங் டவுன்' பாடலை 1969-ல் முதலில் பதிவு செய்தவரும் அவரே. அது பெரிதாக ஓடவில்லை. மறு ஆண்டு ஜானி கேஷ் பாடியபோதுதான் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் வந்தது.

இந்தப் பாடலுடன் ஒட்டிய ஒரு நஷ்டக் கதையையும் ரசிகர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதே சமயத்தில் ஒரு திரைப்படத்துக்காகப் பாட ஸ்டீவன்ஸை அழைத்தார்கள். கையில் இருக்கும் பாடலுக்கு விளம்பரம் செய்ய வேண்டும் என்று அவர் மறுத்தார். மறுக்கப்பட்ட அந்தப் பாடலை, 'ரெயின்டிராப்ஸ் கீப் ஃபாலிங் ஆன் மை ஹெட்' என்ற மழைத்துளிப் பாடலை, பி. ஜே. தாமஸ் பாட, அது 1970 தொடக்கத்தில் நான்கு வாரம் தேசிய முதலிடத்தில் இருந்து, ஆஸ்கரும் வாங்கியது.

அவர் உழைத்துக்கொடுத்தவர்கள் எப்போது அந்த மண்டபத்துக்குள் நுழைந்தார்கள் என்று பாருங்கள். டாலி பார்ட்டன் 1999-ல், கிறிஸ்டாஃபர்சன் 2004-ல், நிறுவன முதலாளி ஃபாஸ்டர் 2016-ல். ஸ்டீவன்ஸ் இவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றார் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் ரசிகனின் மனக்கணக்கு அப்படித்தான் ஓடும்.

இனி, அவருக்கு வந்து சேர்ந்த மரியாதைகளை வரிசைப்படி பார்ப்பதைவிட, யார் கொடுத்தது என்று பார்த்தால் விஷயம் துலங்கும்.

முதல் பெரிய அங்கீகாரம் 'எவ்ரிதிங் இஸ் பியூட்டிஃபுல்' பாடலுக்கு வந்தது. 1970 கோடையில் ஆண்டி வில்லியம்ஸின் தொலைக்காட்சி நேரத்தில் ஒரு நிகழ்ச்சியை நடத்தும் வாய்ப்பு ஸ்டீவன்ஸுக்குக் கிடைத்தபோது, அதற்கு முகப்புப் பாடல் வேண்டும் என்று எழுதியது அது. நாஷ்வில் பள்ளிக் குழந்தைகளின் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுடன் தொடங்கி, நிறம், மதம், முடியின் நீளம் எதுவானாலும் மனிதர் மனிதரே என்று சொல்லும் பாடல். மே மாத இறுதியில் தேசியப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்து இரண்டு வாரம் நின்றது. சிறந்த ஆண் குரலுக்கான கிராமி 1971-ல் இதற்குக் கிடைத்தது.

இரண்டாவது கிராமி 1976-ல், 'மிஸ்டி' பாடலின் வாத்திய அமைப்புக்காக. எரோல் கார்னர் மெல்லிய ஜாஸ் மெட்டாக அமைத்து, பலர் இருட்டறையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கேட்க வேண்டிய பாடலாகப் பாடிவந்த அதை, ஸ்டீவன்ஸ் பாஞ்சோ, ஃபிடில், ஸ்டீல் கிதார் ஆகியவற்றுடன் வேகமான புளூகிராஸ் பாட்டாக மாற்றினார். மெட்டு அதேதான், நடை மட்டும் நடையிலிருந்து ஓட்டமாயிற்று. கேட்டால் குறும்பு போலத் தோன்றும், ஆனால் அதன் பின்னால் இருக்கும் கைத்திறன் வாத்தியக்காரர்களுக்குத் தெரியும். கன்ட்ரி பட்டியலில் அது மூன்றாம் இடம், இங்கிலாந்தில் இரண்டாம் இடம்.

அவருடைய இரண்டு கிராமிகளில் ஒன்றுகூட நகைச்சுவைக்குக் கொடுக்கப்படவில்லை. 1980-ல், நாற்பத்தொரு வயதிலேயே நாஷ்வில் பாடலாசிரியர்களின் ஹால் ஆஃப் ஃபேமிலும் சொந்த மாநிலமான ஜார்ஜியாவின் இசை ஹால் ஆஃப் ஃபேமிலும் அவர் சேர்க்கப்பட்டார். எழுத்துத் தொழில் தெரிந்த சக பாடலாசிரியர்களும் சொந்த ஊர்க்காரர்களும் அவரை அடையாளம் காணத் தயங்கவில்லை. கன்ட்ரி மண்டபத்தின் வாக்காளர்களுக்கு மட்டும் அதற்குப் பிறகு இன்னும் 39 ஆண்டுகள் தேவைப்பட்டன.

நகைச்சுவைக்கு மரியாதை செய்தது வேறொரு கூட்டம். நாஷ்வில்லில் மியூசிக் சிட்டி நியூஸ் என்றொரு இசைப் பத்திரிகை இருந்தது. பாடகர் ஃபேரன் யங் 1963-ல் தொடங்கியது. அதன் விருதுகளைத் தேர்ந்தெடுப்பது வாசகர்களின் வாக்கு. அந்த வாசகர்கள் 1986 முதல் 1994 வரை, ஒரு முறைகூட விட்டுவிடாமல் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து ஸ்டீவன்ஸை ஆண்டின் சிறந்த நகைச்சுவைக் கலைஞராகத் தேர்ந்தெடுத்தார்கள். வாக்களித்த மக்களின் தீர்ப்பு ஒரு பக்கம். கிராமி நடுவர்களின் தீர்ப்பு மறுபக்கம். முன்னவர்கள் சிரிப்புக்குப் பரிசு கொடுத்தார்கள், பின்னவர்கள் சிரிப்பு இல்லாத பாடலுக்குப் பரிசு கொடுத்தார்கள். ஸ்டீவன்ஸ் என்ற ஒரே மனிதரின் பெயரில் இரண்டு கணக்குப் புத்தகங்கள் ஓடிக்கொண்டிருந்தன என்பதே என் வாசிப்பு.

சிரிப்புப் பாட்டு என்றால் எளிது என்று நினைப்பவர்களுக்கு 'தி ஸ்ட்ரீக்' நல்ல மறுப்பு. 1974-ன் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில், உடம்பில் துணியில்லாமல் பொது இடத்தில் திடீரென ஓடி மறைவது ஒரு பைத்தியமாகப் பரவியது. அது நாடு முழுவதும் பரவுவதற்குச் சற்று முன்பே, விமானத்தில் ஒரு பத்திரிகையில் இதுபற்றிய சிறு செய்தியைப் படித்த ஸ்டீவன்ஸ் பாட்டுக்கான யோசனையைக் குறித்து வைத்திருந்தார். நாடே இதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் எழுதி முடித்து, அவசரமாகப் பதிவு செய்து வெளியிட்டார். பாட்டு ஒரு தொலைக்காட்சி நிருபரின் குரலில் தொடங்குகிறது. பல்பொருள் அங்காடியில் என்ன நடந்தது என்று ஒருவரைக் கேட்கிறார். கண்ணால் கண்ட சாட்சியான அந்த மனிதர், ஓடிவந்தவனைப் பற்றிச் சொல்லிவிட்டு, தன் மனைவி ஏத்தலிடம் "பார்க்காதே" என்று கத்தியதாகவும், கத்துவதற்குள் அவள் பார்த்துவிட்டதாகவும் சொல்கிறார். அடுத்து பெட்ரோல் நிலையம். அதற்கடுத்து கூடைப்பந்து மைதானம். எங்கு போனாலும் அதே சாட்சி, அதே ஏத்தல், அதே தாமதமான கத்தல். கடைசியில் ஏத்தலே ஓடத் தொடங்குகிறாள்.

நிருபர், சாட்சி, பாடகர் மூவரும் ஸ்டீவன்ஸ்தான். இதில் கவனிக்க வேண்டியது இடைவெளிகள். நிருபரின் கேள்விக்கும் சாட்சியின் பதிலுக்கும் நடுவே விடப்படும் அரை நொடி, பல்லவிக்குள் தாளம் திரும்பி வந்து விழும் இடம், பின்னால் சேர்க்கப்பட்ட சிரிப்பொலி எங்கே நிற்க வேண்டும் என்பது, இவையெல்லாம் அரேஞ்சரின் வேலை. அந்த மே மாதம் பாடல் தேசியப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது, இங்கிலாந்திலும் முதலிடம். இடையில் ஒரு வேடிக்கை: 1970-ல் அவரை முதலிடத்திலிருந்து இறக்கியது பால் மெக்கார்ட்னி பாடிய பீட்டில்ஸ் பாடல், 1974-ல் இறக்கியது மெக்கார்ட்னியின் புதிய குழுவின் பாடல். ஒருவரையே இரண்டு முறை சந்தித்துத் தோற்பதும் ஒரு கொடுப்பினைதான்.

எனக்கு மிகவும் பிடித்தது 1984-ல் வந்த அணில் பாட்டு. மிசிசிப்பி மாநிலத்தில் பாட்டி வீட்டுக்கு வந்த ஒரு சிறுவன், பிடித்த அணிலைக் காலணிப் பெட்டிக்குள் வைத்து ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு எடுத்துச்செல்கிறான். அது தப்பித்து, அங்கிருந்த ஒருவரின் கால்சட்டைக்குள் புகுகிறது. அவர் குதிக்கும் குதியைப் பார்த்துச் சபையில் சிலர் பக்தி பிடித்துவிட்டது என்றும், சிலர் பேய் பிடித்துவிட்டது என்றும் நினைக்கிறார்கள். அடுத்ததாக அணில் ஏறுவது, ஊரில் எல்லோரையும்விடத் தான் யோக்கியம் என்று மூக்கை உயர்த்தித் திரியும் ஒரு சகோதரியின் மேல். அவள் பதறிப்போய்த் தன் பாவங்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லத் தொடங்குகிறாள். அதோடு நிற்காமல், கூட்டாளிகளின் பெயரையும் சொல்கிறாள். பிறகு என்ன, காணிக்கைத் தட்டில் பணம் குவிகிறது, ஐம்பது பேர் ஊழியத்துக்குப் போகத் தயாராகிறார்கள், ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்கள் மறுபடியும் பெறுகிறார்கள். முதல் முறை கேட்டபோது தென் மாநில உச்சரிப்பில் பாதி வார்த்தைகள் எனக்குப் பிடிபடவில்லை. சிரிப்பதற்கு அது தடையாகவும் இல்லை. பக்தியைக் கேலி செய்யாமல் பக்தி வேடத்தை மட்டும் கேலி செய்யும் கூர்மை அதில் இருக்கிறது. தேவாலயத்துக்குப் போகிறவர்களே அந்தப் பாட்டைக் கொண்டாடியதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க முடியும்.

அப்படியானால் தாமதம் ஏன்? நகைச்சுவை மீதான இளக்காரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட ரசிகர்களுக்கு ஆசை. பட்டியல்களைப் புரட்டினால் இன்னொரு காரணமும் தெரிகிறது. தேசியப் பொதுப் பட்டியலில் இரண்டு முறை முதலிடம் பிடித்த ஸ்டீவன்ஸ், கன்ட்ரி பட்டியலில் ஒரு முறைகூட முதலிடம் பிடித்ததில்லை. அங்கு அவருடைய உச்சம் மூன்றாம் இடம். 'தி ஸ்ட்ரீக்', 'மிஸ்டி' இரண்டும் அதோடு நின்றன. நாட்டையே முணுமுணுக்க வைத்த 'எவ்ரிதிங் இஸ் பியூட்டிஃபுல்' கன்ட்ரி பட்டியலில் 39-ம் இடத்தைத் தாண்டவில்லை. 1980-களில்தான் அவர் முழுக்கவும் கன்ட்ரி வானொலிக்காரர் ஆனார். எனவே "இவர் நம்மவரா?" என்று ஒரு வாக்காளர் தயங்கியிருந்தால் அதை முழுக்கத் துவேஷம் என்று தள்ளிவிட முடியாது. பாப், நற்செய்திப் பாடல், ஜாஸ், நகைச்சுவை என்று நான்கு வீட்டுக்கும் போகும் விருந்தாளியை எந்த வீட்டுக்காரரும் தன் குடும்ப அட்டையில் சேர்ப்பதில்லை.

இன்னொன்றையும் ரசிகன் ஒப்புக்கொள்ள வேண்டும். 'ஏஹாப் தி அராப்' இன்று கேட்கச் சங்கடமான பாடல். ஒட்டகம், சுல்தானின் அந்தப்புரம், அர்த்தமில்லாத ஒலிகளால் அரபு மொழியைப் பாவனை செய்வது என்று ஒரு முழு மக்களையும் கார்ட்டூனாக்கும் பாடல் அது. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் என்ற சமாதானம் ஓரளவுக்கு உண்மையே தவிர முழு விடை ஆகாது. ஸ்டீவன்ஸ் அந்தப் பாடலைக் கைவிடவும் இல்லை. தன் சொந்த இசைத்தட்டு நிறுவனத்துக்கே அதில் வரும் ஒட்டகத்தின் பெயரான கிளைட் என்பதைச் சூட்டினார். அதேபோல 2010 வாக்கில் மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தை எதிர்த்து அவர் வெளியிட்ட அரசியல் பாடல்கள் யூடியூப்பில் காட்டுத்தீ போலப் பரவி, ஒரு பக்கத்தில் புதிய ரசிகர்களைச் சேர்த்தன, மறுபக்கத்தில் பழைய ரசிகர்களின் முகத்தைச் சுளிக்க வைத்தன. மனிதர் ஒவ்வொருவரும் அழகே என்று பாடியவரிடமிருந்து வந்தவை என்பதால் எனக்கும் அவை கசந்தன.

இவற்றையெல்லாம் கழித்த பிறகும் நகைச்சுவையாளர்களுக்கு அந்த மண்டபம் என்ன செய்திருக்கிறது என்ற கேள்வி நிற்கிறது. விலைச்சீட்டு தொங்கும் வைக்கோல் தொப்பியுடன், நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியின் மேடையில் நின்ற மின்னி பெர்ல் 1975-ல் சேர்க்கப்பட்டார். அந்தச் சீட்டில் இருந்த விலை 1.98 டாலர். கிராண்ட்பா ஜோன்ஸ் 1978-ல், வேடிக்கைப் பாடல்களால் பெயர்பெற்ற லிட்டில் ஜிம்மி டிக்கன்ஸ் 1983-ல். இவர்கள் உயிரோடு வந்து வாங்கிக்கொண்டவர்கள். மின்னி பெர்லுடன் அதே மேடையில் ஜோடியாக நகைச்சுவை செய்த ராட் பிராஸ்ஃபீல்ட் 1958-ல் இறந்தார், சேர்க்கப்பட்டது 1987-ல். புகழ்பெற்ற பாடல்களைக் கிண்டல் வடிவில் திருப்பிப் பாடிய ஹோமர் அண்ட் ஜெத்ரோவில் முன்னவர் 1971-லும் பின்னவர் 1989-லும் மறைந்தார்கள். அவர்களின் முறை 2001-ல் வந்தது. 1964, 65 ஆகிய இரண்டே ஆண்டுகளின் பாடல்களுக்குப் பதினொரு கிராமிகளை அள்ளிய ரோஜர் மில்லர் 1992-ல் மறைந்து, 1995-ல் சேர்க்கப்பட்டார். ஜிம்மி டீன் 2010 பிப்ரவரியில் அறிவிப்பைக் கேட்டுவிட்டு, விழாவுக்கு முன்பே ஜூனில் போய்ச் சேர்ந்தார். கன்ட்ரி இசையின் தொடக்கமே ஊர் ஊராகச் சென்ற மருந்து வியாபாரிகளின் கூடார வேடிக்கையோடும், வானொலியின் கோமாளிகளோடும் பின்னிக் கிடப்பது. கச்சேரிக் குழு என்றால் அதில் ஒரு கோமாளி இருந்தே ஆக வேண்டும் என்ற காலம் உண்டு. அந்த மரபின் வாரிசுகளுக்கு மாலை பெரும்பாலும் படத்துக்குத்தான் விழுந்திருக்கிறது.

இதற்கிடையே ஸ்டீவன்ஸ் நடுவர்களுக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வானொலி தன்னைக் கைவிடத் தொடங்கியபோது அவர் நேரே மக்களிடம் போனார். 1991-ல் மிசௌரி மாநிலத்தின் பிரான்சன் என்ற சுற்றுலா ஊரில் தன் பெயரில் அரங்கம் கட்டினார். பேருந்துகளில் கூட்டமாக வந்த நடுத்தர வயதுக்காரர்களும் ஓய்வுபெற்றவர்களும் அதை நிரப்பினார்கள். மறு ஆண்டு தன் நகைச்சுவைப் பாடல்களைக் காட்சிகளாக்கி ஒரு வீடியோ கேசட்டாகத் தொகுத்து, தொலைக்காட்சி விளம்பரத்தில் தொலைபேசி எண்ணைக் காட்டித் தபாலில் விற்றார். இருபது லட்சத்துக்கும் மேல் விற்றது. பாட்டைக் காதால் மட்டும் கேட்டவர்கள் அன்றுதான் அணில் ஓடுவதையும் சகோதரி அலறுவதையும் கண்ணால் பார்த்தார்கள். 2012-ல் தன்னுடையதோடு மற்றவர்களின் பழைய நகைச்சுவைப் பாடல்களையும் மறுபடி பதிவு செய்து ஒன்பது குறுந்தகடுகள் கொண்ட தொகுப்பாக வெளியிட்டார். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் தன் முன்னோர்களுக்கு மண்டபம் செய்யாததை அவர் தன் செலவில் செய்தார். 2018 ஜனவரியில், 79-ம் வயதை எட்டும் நேரத்தில், நாஷ்வில்லின் மேற்குப் பகுதியில் கேபரே என்ற பெயரில், அதன் கடைசி எழுத்துகளில் தன் பெயர் ஒளிந்திருக்குமாறு, இரவு உணவோடு கச்சேரி கேட்கும் எழுநூறு இருக்கை அரங்கத்தைத் திறந்தார். புதிய கடை திறக்கும் வயதா அது என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

அறிவிப்புக்கு ஏழு மாதம் கழித்து, 2019 அக்டோபர் 20 அன்று பதக்கம் அணிவிக்கும் விழா நடந்தது. 2007 முதல் நடந்துவரும் இவ்விழா அழைப்பாளர்களுக்கு மட்டும் உரியது; முன்பே சேர்க்கப்பட்ட மூத்தவர்கள் மேடையேறிப் புதியவரை வரவேற்பதும், புதியவரின் பாடல்களைப் பிறர் பாட அவர் கீழே அமர்ந்து கேட்பதும், இறுதியில் எல்லோரும் சேர்ந்து 'வில் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்' பாடுவதும் அதன் முறை. ரசிகர்களில் பெரும்பாலோர் செய்திகளில்தான் பார்த்தார்கள்.

ஆனால் பலகை எல்லோருக்கும் பொது. 2001-ல் நகர மையத்தில் எழுந்த இப்போதைய கட்டடத்தின் முகப்பில் சன்னல்கள் பியானோ கட்டைகளைப் போலக் கறுப்பும் வெளுப்புமாக அமைந்திருக்கின்றன. உள்ளே, வட்டக் கூடத்தின் சுவரில், இசைக் குறிப்புகள் கோடுகளில் ஏறி இறங்குவதுபோல வெண்கலப் பலகைகள் மேலும் கீழுமாகப் பதிக்கப்பட்டுள்ளன. யாருக்கும் முன் வரிசை கிடையாது. சேர்ந்த ஆண்டின் வரிசையும் கிடையாது. எல்லோரும் சமம் என்று காட்டுவதற்காகவே வட்டமாகக் கட்டினார்கள். கிளார்க்டேல் நூலாலை ஊரில் பியானோ கற்ற பையனின் முகம், ஹாங்க் வில்லியம்ஸும் மின்னி பெர்லும் இருக்கும் அதே சுவரில் இருக்கிறது. எந்த இடத்தில் என்று தெரிந்துகொள்ள, போகிறவர்கள் ஒரு சுற்றுச் சுற்றித்தான் தேட வேண்டும்.